கடல்ல காத்தாடி நட்டா அடிமண்ணு தாங்குமா? லிக்விஃபேக்ஷன் ரிஸ்க் எப்படி பாக்கறாங்க

கடல்ல காத்தாடி நடப்போறாங்கன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கேக்கறது காத்து எவ்ளோ அடிக்கும், ஒன்னு எத்தன மெகாவாட்டு, யூனிட்டுக்கு என்ன ரேட்டு வரும், இதத்தான். அடியில இருக்கற மண்ண பத்தி கேக்கறவங்க ரொம்ப கம்மி. ஆனா நூறு மீட்டருக்கு மேல ஒசரமா நிக்கற ஒரு டவர, அது தலையில சில நூறு டன் மெஷினையும் வச்சி, 25 வருஷம் அலையிலயும் காத்துலயும் நேரா புடிச்சிட்டு நிக்க வேண்டியது அந்த மண்ணுதான். அது நடுவுல ஒரு நாள் ஒரு நிமிஷம் கூழு மாதிரி ஆச்சுன்னா என்ன பண்றது, அத முன்கூட்டியே எப்படி கண்டுபுடிக்கறது, அதுதான் இந்த கட்டுரை.

ஒன்னு முதல்லயே சொல்லிடறேன், கடலூர் பாண்டிக்கு எதிர்க்க காத்தாடி வரப்போவுதுன்னு நான் சொல்ல வரல. தமிழ்நாட்டுல பிளான் எல்லாம் தெக்க மன்னார் வளைகுடா பக்கம்தான், 2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபா உதவித்தொகை ஒதுக்குனது கூட குஜராத்துக்கு 500 மெகாவாட்டு, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட்டுன்னுதான். ஆனா நமக்கு தெரிஞ்ச கரைய வச்சி சொன்னா சட்டுனு புரியும், தேவனாம்பட்டினத்துலயோ வீராம்பட்டினத்துலயோ நின்னு கெழக்க பாத்து, இங்கேர்ந்து ஒரு பதினஞ்சு இருவது கிலோமீட்டர் தள்ளி ஒன்னு நடறோம்னு வச்சிக்குங்க.

மண்ணு எப்படி இளகுது

மணலுக்குன்னு தனியா ஒட்டற தன்மை எதுவும் கிடையாது. துகள் ஒன்னு மேல ஒன்னு உக்காந்து ஒன்ன ஒன்னு அழுத்திகிட்டு இருக்கறதாலதான் அதுக்கு பலம், அந்த அழுத்தம் போச்சுன்னா பலமும் போச்சு, அவ்ளோதான். படி வச்சி அரிசி அளந்தத பாத்தவங்களுக்கு தெரியும், படிய ரொப்பிட்டு சைடுல ரெண்டு தட்டு தட்டுனா அரிசி கீழ இறங்கி இன்னொரு கைப்பிடி போடற அளவுக்கு எடம் வரும். லூசா கிடக்கற மணலும் அப்படித்தான், ஆட்டுனா நெருங்கி உக்காரத்தான் பாக்கும். ஆனா கடலுக்கு அடியில இருக்கற மணல்ல துகளுக்கு நடுவுல காத்து இல்ல, முழுக்க தண்ணி, துகள் நெருங்கணும்னா அந்த தண்ணி வெளிய போயாவணும், நிலநடுக்கம் வந்து முப்பது நாப்பது செகண்டு ஆட்டும்போது அதுக்கு போவ நேரமே இல்ல. அதனால துகள் தாங்கிகிட்டு இருந்த சுமைய தண்ணி வாங்கிக்குது, தண்ணியோட பிரஷர் ஏறுது, துகளுக்கு நடுவுல இருந்த அழுத்தம் இறங்குது, ஒரு கட்டத்துல சைபர் ஆயிடுது. அந்த நிமிஷம் அது மணல் இல்ல, கெட்டியான ஒரு திரவம். இதத்தான் லிக்விஃபேக்ஷன்னு சொல்றோம்.

நம்பர்ல பாக்கலாம். கடல் தரையிலேர்ந்து 10 மீட்டர் கீழ ஒரு எடம். தண்ணி ஊறுன மணல் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 19 கிலோநியூட்டன் எடை, அதாவது 1.9 டன். அப்ப 10 மீட்டர் மண்ணோட மொத்த அழுத்தம் 190 கிலோபாஸ்கல். அதுல தண்ணி பங்கு 100. மிச்சம் 90தான் துகளும் துகளும் அழுத்திக்கறது, சாயில் மெக்கானிக்ஸ்ங்கற மண்ணு இயக்கவியலுக்கு அடித்தளம் போட்ட டெர்சாகி சொல்லிக்குடுத்த எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் இதுதான், சாயில் மெக்கானிக்ஸ்ல ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சிக்கலாம்னா இத வச்சிக்குங்க. ஆட்டத்துல தண்ணி பிரஷர் கூடுதலா 90 ஏறுச்சுன்னா துகள் பங்கு காலி. 45 ஏறுச்சுன்னா பாதி காலி, முழுசா இளகலன்னாலும் மண்ணு நல்லாவே தளர்ந்து போச்சுன்னு அர்த்தம், இந்த பாதி நெலமை பின்னாடி முக்கியமா வரும்.

மேல கடல் தண்ணி எவ்ளோ ஆழம் இருந்தாலும் இந்த 90 மாறாது. 10 மீட்டர் தண்ணியா இருந்தாலும் 40 மீட்டர் தண்ணியா இருந்தாலும் மொத்த அழுத்தமும் தண்ணி அழுத்தமும் சேந்தே ஏறும், வித்தியாசம் அதேதான்.

வீட்லயே செஞ்சி பாக்கலாம், ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ல பாதி அளவு தண்ணி ஊத்தி அதுல மெதுவா மணல தூவி ரொப்புங்க, கொட்டாதீங்க, தூவுனாத்தான் லூசா படியும், தண்ணி மட்டமும் மணல் மட்டமும் ஒன்னா இருக்கற மாதிரி வச்சிட்டு மேல ஒரு கருங்கல்ல வைங்க, நல்லா நிக்கும். அப்பறம் பக்கெட்டோட பக்கவாட்டுல கையால டமார்னு ரெண்டு அடி. கல்லு சாஞ்சி உள்ள போயிடும், மேல தண்ணி நிக்கும். அதே பக்கெட்ல மறுபடியும் அடிச்சா அவ்ளோவா போவாது, ஏன்னா இப்ப மணல் நெருங்கிடுச்சு.

இதுலேர்ந்தே எந்த மண்ணு மோசம்னு பாதி வெளங்கிடும். லூசான, சின்ன சைஸ் மணல், அதுல கொஞ்சம் வண்டல் கலந்தது, தண்ணி முழுக்க ஊறுனது, சமீபத்துல படிஞ்சது, இது எல்லாம் சேந்தா ரிஸ்க். சமீபம்னா நம்ம கணக்குல இல்ல, ஜியாலஜி கணக்குல கடைசி பத்து பன்னெண்டாயிரம் வருஷம். பெரிய சரளைன்னா தண்ணி சுலபமா ஓடிடும், நல்ல ஒட்டற களிமண்ணுன்னா துகள் அவ்ளோ சீக்கிரம் விட்டுக்குடுக்காது, அதுக்கு வேற பிரச்சனை இருக்கு, ஆட்டத்துல தளரும், ஆனா இந்த மாதிரி திடீர்னு திரவமா மாறாது. நடுவுல மாட்டிக்கறது வண்டல் கலந்த மணல்தான், தண்ணியும் சீக்கிரம் வெளிய போவாது, ஒட்டற குணமும் கெடையாது.

எங்க நடந்துருக்கு

1964 ஜூன் 16, ஜப்பான்ல நீகாட்டா. 7.5 அளவு நிலநடுக்கம். கவாகிஷிச்சோன்னு ஒரு எடத்துல நாலு மாடி அடுக்குமாடி வீடுங்க ஒடையாம, பெருசா விரிசல் கூட விடாம, அப்படியே சாஞ்சி போச்சு, ஒன்னு கிட்டத்தட்ட படுத்தே போச்சு. கட்டடத்துல தப்பு இல்ல, கம்பி கான்கிரீட் எல்லாம் சரிதான், கீழ மண்ணு விட்டுடுச்சு. அதே வருஷம் மார்ச்ல அலாஸ்காவுலயும் இதே கத. அந்த ரெண்டும்தான் உலகத்துல இந்த ஆராய்ச்சிய வேகமா ஆரம்பிச்சு வச்சுது.

நம்ம நாட்டுலயே 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல காண்ட்லா துறைமுகத்துல கஸ்டம்ஸ் ஆஃபீஸ் டவர் சாஞ்சுது. அது பைல் மேல, அதாவது மண்ணுக்குள்ள ஆழமா எறக்குன தூண் மேல நின்ன கட்டடம். பைல் போட்டாச்சு இனிமே என்னன்னு நெனைக்கறவங்க இத ஒரு தடவ படிக்கணும், பைல் இளகற மண்ண தாண்டி கீழ கெட்டி மண்ணுல போதுமான அளவு எறங்கி இருக்கணும், அதோட மேல இருக்கற மண்ணு இளகி பக்கவாட்டுல நகரும்போது பைல் மேல குடுக்கற தள்ளுதலயும் தாங்கணும்.

சரி நம்ம ஊருக்கு என்ன

பாண்டிக்காரங்க நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அதே 2001ல செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணி வாக்குல ஒரு ஆட்டம், அளவு 5.5, மையம் பாண்டிக்கு எதிர்க்க கடலுக்குள்ள. சென்னை வரைக்கும் ஆடிச்சு. நிலநடுக்கத்த தாங்கற மாதிரி கட்டறதுக்கான இந்திய விதி ஐஎஸ் 1893, அதோட 2016 பதிப்புல புதுச்சேரி நிலநடுக்க சோன் 2, அதாவது இருக்கறதுலயே கம்மியான சோன், அந்த சோனுக்கு குடுத்த ஆட்ட காரணி 0.10. இத பாத்துட்டு நம்ம ஊர்ல லிக்விஃபேக்ஷன் எல்லாம் கெடையாதுப்பான்னு சொல்லிடறாங்க, எனக்கு அது சரியா படல. சோன் மேப்புங்கறது கரையில கட்டற கட்டடத்துக்காக நாடு முழுக்க பட்டையா வரைஞ்சது. கடல்ல நடற காத்தாடிக்கு அந்த எடத்துக்குன்னே தனியா நிலநடுக்க ஆய்வு பண்ணணும், சுத்துவட்டாரத்துல எந்த பிளவு எவ்ளோ பெரிய ஆட்டம் குடுக்கும், எவ்ளோ காலத்துக்கு ஒரு தடவ குடுக்கும்னு பாத்து, வழக்கமா 475 வருஷத்துக்கு ஒரு தடவ வரக்கூடிய ஆட்டம், அதாவது 50 வருஷத்துல வர 10% சான்ஸ் உள்ளது எதுன்னு கணக்கு போடுவாங்க.

ஆட்டம் கம்மிதான்னு வச்சிகிட்டாலும் மண்ணு பக்கம் யோசிங்க. தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டு வந்து கொட்டறது மணலும் வண்டலும்தான். இருவதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இப்ப இருக்கறத விட 120 மீட்டர் வாக்குல கீழ இருந்துச்சு, அப்ப இன்னிக்கு வலை போடற எடம் எல்லாம் தரை, ஆறு அது மேல பள்ளம் பறிச்சிகிட்டு ஓடுன காலம் அது. பின்னாடி கடல் ஏறி வந்து அந்த மாதிரி பள்ளத்த எல்லாம் மணலும் சேறும் போட்டு மூடிடும், மேலேர்ந்து பாத்தா கடல் தரை சமமாத்தான் தெரியும். ஒரு காத்தாடி கெட்டி தரையில நிக்கும், அடுத்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி பழைய ஆத்துப் பள்ளத்துல நிக்கும், ரெண்டுக்கும் மண்ணு சுத்தமா வேற. நம்ம கடலூர் மணற்கல்லு, திருவக்கரை பக்கம் செவப்பா தெரியுதே, அது பழசு, இறுகுனது, அதுல இந்த பயம் இல்ல, அதுக்கு மேல எவ்ளோ கனத்துக்கு புது மண்ணு கிடக்குதுங்கறதுதான் கேள்வி.

இன்னொன்னு, பாண்டி கடலூர் கடலுக்கு வெளிய கண்டத்திட்டு ஓரத்துல பெரிய பள்ளத்தாக்குங்க இருக்கு. சரிவு பக்கத்துல இளகல் ஆபத்து இன்னும் அதிகம், ஏன்னா மண்ணு ஒரு டிகிரி ரெண்டு டிகிரி சாய்வுலயே இளகுனப்பறம் மெதுவா நழுவ ஆரம்பிக்கும்.

மண்ண எப்படி சோதிக்கறாங்க

முதல்ல கப்பல்ல சுத்தி வந்து ஒலிய அனுப்பி கடல் தரையோட உருவத்தையும் அடியில இருக்கற அடுக்கையும் படம் எடுப்பாங்க, பழைய ஆத்துப் பள்ளம் எல்லாம் இதுலதான் மாட்டும். அதுக்கப்பறம் ஒவ்வொரு காத்தாடி எடத்துலயும் சோதனை.

கரையில வீடு கட்ட சாயில் டெஸ்ட் பண்றவங்கள பாத்துருப்பீங்க, முக்காலி நட்டு 63.5 கிலோ சுத்திய 75 சென்டிமீட்டர் தூக்கி தூக்கி போடுவாங்க, குழாய் 30 சென்டிமீட்டர் எறங்க எத்தன அடி ஆச்சுன்னு எண்ணுவாங்க, அதுதான் எஸ்பிடி, அந்த எண்ணிக்கைதான் என் (N) வேல்யூ. அஞ்சு ஆறுன்னா லூசு, முப்பது தாண்டுனா கெட்டி. கடல்ல இது சரிப்படாது, கப்பல் ஆடும், ஆளுக்கு ஆள் ரிசல்ட் மாறும். அங்க சிபிடிதான், அதாவது கோன் பெனட்ரேஷன் டெஸ்ட்தான் ராஜா. கடல் தரையில ஒரு கனமான ஃபிரேம எறக்கி அதுலேர்ந்து ஒரு கூர்முனை கம்பிய செகண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல உள்ள அழுத்துவாங்க, முனையில எவ்ளோ எதிர்ப்பு, பக்கத்துல எவ்ளோ உராய்வு, தண்ணி பிரஷர் எவ்ளோன்னு மூணையும் அது தொடர்ச்சியா சொல்லிகிட்டே போவும். 10 மீட்டர் ஆழ மணல்ல முனை எதிர்ப்பு 3, 4 மெகாபாஸ்கல்னா லூசு, 15க்கு மேலன்னா நல்ல கெட்டி, குத்துமதிப்பா. இதோட பெரிய லாபம் என்னன்னா அரை மீட்டர் கனத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கற லூசு மணல் பட்டை கூட தப்பாது, எஸ்பிடி ஒன்னரை மீட்டருக்கு ஒரு தடவதான் எடுப்பாங்க, அது தாண்டி போயிடும்.

லேபுக்கும் மண்ணு போவும். ஆனா லூசு மணல அப்படியே கலையாம மேல கொண்டு வர முடியாது, வர வழியிலயே நெருங்கிடும், அப்பறம் லேபுல டெஸ்ட் பண்ணா நெசத்த விட பலமா காட்டும். அதனால சிபிடில கெடைச்ச அடர்த்திக்கு லேபுல மறுபடியும் மணல செஞ்சி, பக்கவாட்டுல முன்னயும் பின்னயும் திரும்ப திரும்ப தள்ளி, எத்தனாவது சுத்துல தண்ணி பிரஷர் முழுசா ஏறுதுன்னு பாப்பாங்க. 7.5 அளவு ஆட்டம்னா சுமார் 15 சுத்துக்கு சமம்னு ஒரு வழக்கம்.

கணக்கு

இது பாக்கத்தான் பயமா இருக்கும், ஐடியா சிம்பிள். ஆட்டம் மண்ணு மேல வைக்கற கோரிக்கை ஒரு பக்கம், மண்ணால தாங்க முடிஞ்சது இன்னொரு பக்கம், ரெண்டாவத முதலாவதால வகுத்தா ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, ஒன்னுக்கு கீழ போனா இளகும். 1971ல சீட், இட்ரிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க குடுத்த முறை, பின்னாடி பல தடவ சீர் பண்ணிருக்காங்க, நம்ம ஐஎஸ் 1893 2016 பதிப்புலயும் இதுதான் பின்னிணைப்பா இருக்கு.

கோரிக்கை எப்படின்னா, 0.65ஐ தரை முடுக்கத்தால பெருக்கு, மண்ணோட மொத்த அழுத்தத்த எஃபெக்டிவ் அழுத்தத்தால வகுத்து அதால பெருக்கு, ஆழம் போவ போவ ஆட்டம் கொஞ்சம் அடங்கும் இல்லியா அதுக்கு ஒரு குறைப்பு, 10 மீட்டர்ல 0.91 வாக்குல. நம்ம உதாரணத்துல 190 வகுத்தல் 90, கிட்டத்தட்ட 2.1. தரை முடுக்கம் 0.16 ஜின்னு வச்சிக்குவோம், ஜிங்கறது புவியீர்ப்பு முடுக்கம், பெருக்குனா 0.20 வருது. 0.10 ஜின்னா 0.125.

தாங்கற பக்கம், சுத்தமான மணல், எல்லா திருத்தமும் பண்ண என் வேல்யூ 15ன்னா 7.5 அளவு ஆட்டத்துக்கு 0.16. அப்ப 0.16 ஜி ஆட்டத்துல 0.16 வகுத்தல் 0.20, அதாவது 0.8, இளகும். இதே மண்ணு, ஆட்டத்தோட அளவு 6தான்னா சுத்து கம்மி, அதனால தாங்கறது 1.77 மடங்கு ஏறி 0.28 ஆயிடும், முடுக்கமும் 0.10 ஜிதான்னா 0.28 வகுத்தல் 0.125, ரெண்டுக்கு மேல, பயமில்ல. பாருங்க, மண்ணு மாறல, ஆட்டத்தோட ரெண்டு நம்பர் மாறுனதுல பதிலே தலைகீழ். அதனாலதான் நிலநடுக்க ஆய்வுல சோம்பேறித்தனம் பட்டா பின்னாடி சிபிடிக்கு எத்தன கோடி செலவு பண்ணாலும் பிரயோஜனம் இல்ல.

கடலுக்குன்னு ஒரு பொறி இருக்கு இதுல. புதுசா வர்றவங்க மொத்த அழுத்தத்துல மேல இருக்கற 30 மீட்டர் கடல் தண்ணி எடையயும் சேத்து 490 வகுத்தல் 90ன்னு போட்டுடுவாங்க, கோரிக்கை 0.5ஐ தாண்டி எகிறும், எந்த மண்ணுமே தாங்காதுன்னு வரும். தண்ணி தரைய பக்கவாட்டுல இழுக்காது, தரை ஆடும்போது மேல இருக்கற மண்ணு மட்டும்தான் கூட சேந்து இழுபடும், அதனால மண்ணோட எடைய மட்டும் எடுக்கணும். சாஃப்ட்வேர்ல போட்டுட்டு பட்டன் அமுக்கறவங்க இந்த ஒரு நம்பர கையால சரி பாத்துடறது நல்லது.

இந்த சிம்பிள் முறை கரையில 15, 20 மீட்டர் ஆழத்துக்குள்ள நடந்த சம்பவங்கள வச்சி பொறந்தது. காத்தாடி பைல் 30, 40 மீட்டர் கூட எறங்கும். அதனால முதல் சல்லடையா இத வச்சிகிட்டு, சந்தேகம் வர்ற எடத்துல தண்ணி பிரஷர் செகண்டுக்கு செகண்டு எப்படி ஏறுதுன்னு கம்ப்யூட்டர் மாடல் ஓட்டி பாப்பாங்க.

நிலநடுக்கம் மட்டும்தானா

நம்ம கரைக்கு இதுதான் உண்மையான விஷயம்னு நான் நெனைக்கறேன். ஆட்டம் நிலநடுக்கத்துலேர்ந்துதான் வரணும்னு சட்டம் இல்ல. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, பலா முந்திரி தோப்பு போனத இங்க யாரும் மறக்க மாட்டாங்க. அந்த மாதிரி நேரத்துல கடலுக்குள்ள 10 செகண்டுக்கு ஒரு அலைன்னு வச்சா 6 மணி நேரத்துல ரெண்டாயிரத்து சொச்சம் அலை. ஒவ்வொரு அலை மேடும் கடல் தரைய அழுத்தும், பள்ளம் வந்தா தூக்கும். 10 செகண்டு அலையோட நீளம் ஆழ்கடல்ல 156 மீட்டர், அதுல பாதி ஆழம் வரைக்கும் அது தரைய தொடும், 30 மீட்டர் தண்ணியில நல்லாவே தொடும். அதோட காத்தாடியும் சும்மா நிக்காது, அலையும் காத்தும் தள்ள தள்ள பைல் முன்னயும் பின்னயும் அசைஞ்சி சுத்தி இருக்கற மண்ண தானே பிசையும்.

நல்லது என்னன்னா இங்க நேரம் இருக்கு, மணி கணக்குல நடக்கறதால சுத்தமான மணல்னா தண்ணி வெளிய போயிடும், பிரஷர் தேங்காது. கெட்டது என்னன்னா வண்டல் கலந்ததுன்னா போவாது, கொஞ்சம் கொஞ்சமா சேரும். வடகடல்ல நிலநடுக்கம் பெருசா கெடையாது, ஆனாலும் அங்க 1973ல எகோஃபிஸ்க் எண்ணெய் வயல்ல 70 மீட்டர் தண்ணியில கான்கிரீட் எண்ணெய் தொட்டிய எறக்குனப்ப புயல் அலையில அடிமணல் இளகுமாங்கறதுதான் பெரிய கேள்வியா இருந்துச்சு. அதனால சோன் 2ன்னு ஒரு வரியில முடிச்சிட்டு போற ரிப்போர்ட்ட பாத்தா, புயல் கணக்கு எங்கன்னு கேளுங்க.

இளகுனா காத்தாடிக்கு என்ன

நெறைய ரிப்போர்ட் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பட்டியலோட நின்னுடும், எந்த அடுக்கு செவப்பு, எந்த அடுக்கு பச்சைன்னு. அது பாதி வேலைதான். மேல 3 மீட்டர் இளகுனாலும் 30 மீட்டர் பைலுக்கு ஒன்னும் ஆவாம இருக்கலாம், அதே 3 மீட்டர் கடல் தரையில உக்காந்துருக்கற கான்கிரீட் அடித்தளத்துக்கு கீழ இருந்தா எல்லாம் போச்சு. கடல் தரைக்குள்ள உறிஞ்சி எறக்கற பக்கெட் அடித்தளமும் ஆழம் கம்மி, அதுக்கும் மேல்மண்ணுதான் உசுரு.

காத்தாடி விழறது ரொம்ப அபூர்வம், சாயறதுதான் பிரச்சனை. வழக்கமா ஆயுசு முழுக்க சேத்து அரை டிகிரி சாய்வுதான் அனுமதி. அரை டிகிரின்னா நூறு மீட்டர் ஒசரத்துல 87 சென்டிமீட்டர், கண்ணுக்கு தெரியாது, ஆனா அதுக்கு மேல போனா மெஷின் பேரிங்குக்கும் திசை திருப்பற அமைப்புக்கும் சங்கடம். நிலநடுக்கம் வரும்போது காத்தாடி ஓடிகிட்டு இருந்தா காத்து ஒரே பக்கமா தள்ளிகிட்டே இருக்கும், மண்ணு தளர்ந்த அந்த நேரத்துல சாய்வு அந்த பக்கமா சேரும், திரும்பி வராது.

ரெண்டாவது பிரச்சனை அதிர்வு. இறக்கை நிமிஷத்துக்கு 6லேர்ந்து 9 தடவ சுத்துதுன்னா அது 0.10லேர்ந்து 0.15 ஹெர்ட்ஸ், மூணு இறக்கையும் டவர தாண்டி போறத எண்ணுனா 0.30லேர்ந்து 0.45. டவரோட சொந்த அதிர்வு இந்த ரெண்டுக்கும் நடுவுல, 0.15க்கும் 0.30க்கும் இடையில இருக்கணும், ரெண்டு பக்கமும் 10% விட்டு. இப்ப டிசைன்ல 0.18னு வச்சிருக்கீங்க, மேல சில மீட்டர் மண்ணு தளர்ந்துடுச்சு, பைல் புடிமானம் கீழ எறங்கிடுச்சு, டவர் நீளமான மாதிரி ஆயி 0.16க்கு வந்துச்சுன்னா இறக்கை சுத்தற வேகத்தோட ஒத்துப்போவ ஆரம்பிக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் டவர் கொஞ்சம் கொஞ்சமா அதிகமா ஆடும். முழுசா இளகணும்னு அவசியமே இல்ல, முன்னாடி சொன்னேனே பாதி பிரஷர், அதுவே இந்த வேலைய பண்ணிடும். அதனால டிசைன் பண்றவங்க பைல சுத்தி இருக்கற மண்ண ஸ்பிரிங்கா வச்சி, இளகற அடுக்குல ஸ்பிரிங்கோட பலத்த குறைச்சி, சாய்வும் அதிர்வும் எவ்ளோ மாறுதுன்னு பாப்பாங்க, கடல் கட்டுமானத்துக்கு தரச்சான்று குடுக்கற டிஎன்வி மாதிரி அமைப்புகளோட சர்வதேச விதிகள்லயும் நிலநடுக்க பகுதி காத்தாடிக்குன்னே தனி வழிகாட்டி இருக்கு.

நல்ல செய்தியும் உண்டு. 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தப்ப கமிசுல கரைய ஒட்டுன கடல்ல ஒத்த பைல் மேல ஏழு காத்தாடி நின்னுச்சு, ஆட்டத்தையும் சுனாமியையும் தாண்டி நின்னுச்சு. டவரோட அதிர்வு ரொம்ப மெதுவா, சில செகண்டுக்கு ஒன்னு, நிலநடுக்கத்தோட வேகமான ஆட்டம் அதுக்கு அவ்ளோவா ஒத்துப்போவாது. அடிமண்ணு கைவிடாம இருந்தா டவர் பொழச்சிக்கும்.

அடிமண்ணு கைவிடும்னு தெரிஞ்சா என்ன பண்ணலாம்? இளகற அடுக்க தாண்டி பைல இன்னும் ஆழமா எறக்கலாம், இரும்பு செலவு ஏறும். ஒத்த பைலுக்கு பதிலா மூணு நாலு கால் உள்ள இரும்பு சட்டம், ஜாக்கெட்னு சொல்லுவாங்க, அத வைக்கலாம், தைவான்ல சாங்ஹுவா கடல்ல வண்டல் கலந்த மணல்ல பல எடத்துல அப்படித்தான் போனாங்க. கரையில பண்ற மாதிரி அதிர வச்சி மணல நெருக்கறது, கல் தூண் போடறது எல்லாம் கடல்லயும் முடியும், ஆனா கப்பல் வாடகைய நெனைச்சா ஒரு காத்தாடிக்கு அத பண்ண மனசு வராது. பெரும்பாலும் சுலபமான வழி எடத்த மாத்தறது, பழைய ஆத்துப் பள்ளம் படத்துல தெரிஞ்சா காத்தாடிய முன்னூறு நானூறு மீட்டர் தள்ளி வைக்கறது, அதனாலதான் சர்வே முதல்ல வரணும், லேஅவுட் போட்டுட்டு சர்வே பண்றதுல அர்த்தமே இல்ல.

நட்டப்பறம் ஒரு பெரிய ஆட்டமோ புயலோ போச்சுன்னா முதல்ல பாக்கறது டவர்ல இருக்கற அதிர்வு மானியும் சாய்வு மானியும்தான். டவரோட சொந்த அதிர்வு ஹெர்ட்ஸ் கணக்குல கம்மியாயிருந்தா மண்ணு தளர்ந்துருக்குன்னு அர்த்தம், மணிக்கணக்குல நாள்கணக்குல தண்ணி பிரஷர் வடிய வடிய அது பழையபடி ஏறி வரும். அதுவரைக்கும் இறக்கைய நிறுத்தி வச்சிருப்பாங்க. சாய்வு மட்டும் திரும்பாது, அரை டிகிரில எவ்ளோ மிச்சம் இருக்குன்னு கணக்கு பாத்துட்டுத்தான் மறுபடி ஓட்டுவாங்க.